ஸ்டென்ட் வைத்த பிறகு வரும் தொல்லைகள்: அறிகுறியைப் பார்த்து வழி பிடிப்பது

இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய்தான் ஸ்டென்ட். அதை வைத்து வீடு திரும்பியவருக்கு நெஞ்சில் எது செய்தாலும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "ஸ்டென்ட் நகர்ந்திருச்சுங்களா?" என்பதுதான். விரித்து வைத்த ஸ்டென்ட் நகராது. இருமினாலும் வாந்தி எடுத்தாலும் குண்டும் குழியுமான ரோட்டில் டவுன் பஸ்ஸில் போனாலும் நகராது. சங்ககிரி லாரி டயரில் 110 பிஎஸ்ஐ காற்று அடிப்பார்கள். ஸ்டென்டை ரத்தக்குழாய்ச் சுவரோடு அழுத்தி உட்கார வைக்கும் என்சி பலூனில் 18 அட்மாஸ்பியர், அதாவது 260 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றுகிறார்கள். அப்படி அழுத்தி வைத்தது சில மாதங்களில் சுவரின் உள்தோலுக்கு அடியில் புதைந்தும் விடுகிறது.

கெடுவது வேறு விதமாக. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை நின்று உள்ளே ரத்தம் கட்டுகிறது. அல்லது வைக்கும்போதே முழுசாக விரியாமல் போயிருக்கிறது. அல்லது உள்ளே சதை வளர்ந்து மறுபடி சுருங்குகிறது. அரிதாக, கம்பி முறிகிறது. கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்த பத்தியை எல்லோரும் படியுங்கள்.

எதற்கும் முன்பாகக் கையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ படம் பதிந்த சிடி தட்டு, ஸ்டென்ட் ஸ்டிக்கர். இந்த மூன்றும் ஒரே கவரில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். ஸ்டிக்கரில் கம்பெனி பெயர், லாட் எண், 3.0 × 28 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். எந்தக் குழாயில் வைத்தார்கள், எந்தத் தேதியில் வைத்தார்கள் என்பதைச் சம்மரியில் தேடி, பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஸ்டென்டில் வரும் கோளாறுகளைத் தேதியை வைத்துத்தான் பிரிக்கிறோம்: முதல் 24 மணி நேரம், முதல் 30 நாள், முதல் ஒரு வருஷம், அதற்குப் பிறகு. இரவு 2 மணிக்கு டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே. "போன தீபாவளிக்கு முன்னாடிங்க" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் அதிகம் செய்ய முடியாது.

சம்மரியையும் ஸ்டிக்கரையும் செல்போனில் படம் எடுத்து மகன், மகள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துவிடுங்கள். சிடியை மட்டும் அப்படி அனுப்ப முடியாது. தொலைந்தால், செய்த ஆஸ்பத்திரியில் சீக்கிரம் நகல் கேட்டு வாங்குங்கள். பழைய படங்களை அழித்துவிடும் இடங்கள் உண்டு.

அறிகுறி 1: சும்மா இருக்கும்போதே நெஞ்சில் பாரம், விடாமல் இருக்கிறது

இங்கே மட்டும் 'சின்னக் காரணம் முதலில்' என்ற வரிசை கிடையாது. பெரிய காரணத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிவிட்டால் அந்தக் குழாய் முழுசாக அடைபடும். இதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டே போகும்.

நெஞ்சு நடுவில் அமுக்குவது போல, கல் வைத்தது போல இருக்கும். இடது தோள், தாடை, முதுகு எங்கும் பரவலாம். உடம்பு முழுக்க வேர்க்கும், வாந்தி வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வேர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வருவது உண்டு. தட்டுவடை செட் சாப்பிட்டதால் கேஸ் பிடித்துவிட்டது என்று சோடா வாங்கி வரும் அரை மணி நேரம்தான் நம் ஊரில் மிக அதிகமாக வீணாகும் அரை மணி நேரம். ஸ்டென்ட் வைத்த ஆளுக்கு ஈசிஜி எடுத்த பிறகே கேஸ் என்ற பேச்சு எடுக்கலாம்.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

1. ஆளை உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள், மாடிப்படி இறங்க விடாதீர்கள்.
2. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் ஒன்று வையுங்கள், பெரும்பாலும் சார்பிட்ரேட் 5 மி.கி. பிபியின் மேல் எண் 90-க்குக் கீழே இருந்தாலோ, தலை சுற்றி விழப் போனாலோ வேண்டாம். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரையை முந்தின 2 நாளில் போட்டிருந்தாலும் கூடாது. இதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கேட்காமல் கொடுத்தால் பிபி தரைமட்டமாக இறங்கிவிடும்.
3. 5 நிமிஷத்தில் வலி விடவில்லை என்றால் 108. வலி முதலிலேயே கடுமையாக இருந்தாலோ, வேர்வையோடு வந்தாலோ 5 நிமிஷம்கூடக் காத்திருக்காமல் உடனே 108.
4. ஆஸ்பிரின் அலர்ஜி இல்லை, கறுப்பாக மலம் போகவில்லை, ரத்த வாந்தி இல்லை என்றால் ஆஸ்பிரின் 300 மி.கி. அளவுக்கு மென்று விழுங்கச் சொல்லுங்கள். அப்படியே விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். சந்தேகம் இருந்தால் 108-இல் பேசுகிறவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.
5. கவரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் போட்ட மாத்திரை அட்டைகளையும் எடுங்கள்.

நோயாளியை டூ வீலரில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகவே கூடாது.

ஏற்காடு மலைமேல் இருப்பவர்களுக்கு: 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வரலாம் என்று சொந்தக் காரில் நேராகக் கிளம்பாதீர்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஈசிஜி எடுத்து முதல் மருந்து கொடுத்துவிட்டு இறங்குவதுதான் சரி. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம் வரை ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டேட்டின் மூன்றும் முதல் டோஸுக்காக வைத்திருக்கிறார்கள். அங்கே ஸ்டென்ட் வைத்தவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகத்தான் இறங்க வேண்டியிருக்கும். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை எஸ்டேட்டில் ஒருவராவது தினமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஆஸ்பத்திரி வாசலை மிதித்து 10 நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் சத்தம் போட்டுக் கேளுங்கள், தப்பில்லை. ஈசிஜியில் எஸ்டி என்ற கோடு ஏறியிருந்தால், இதயத் தசை கெட்டதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபுக்கு நேராக. போகப் போகும் ஆஸ்பத்திரியில் கேத் லேப் இருக்கிறதா, இந்த நேரத்தில் ஆள் இருக்கிறார்களா என்று வழியிலேயே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை, பிறகு கொண்டுவரலாம்.

கேத் லேபில் கட்டியை எடுத்துக் குழாயைத் திறப்பார்கள். அது பாதி வேலைதான். ஏன் கட்டியது என்று பார்ப்பது மீதி. மாத்திரையை நிறுத்தியதா? ஸ்டென்ட் முழுசாக விரியாமல் இருக்கிறதா? சுவரோடு ஒட்டாமல் இடைவெளி இருக்கிறதா? ஓரத்தில் குழாய்ச் சுவர் கிழிந்திருக்கிறதா? கம்பி முறிந்திருக்கிறதா? இதைச் சாதாரண ஆஞ்சியோ படத்தில் சரியாகப் பார்க்க முடியாது. குழாய்க்குள் நுழைந்து பார்க்கும் ஐவஸ் அல்லது ஓசிடி வேண்டும். கூடுதல் செலவுதான். ஆனால் ஒருமுறை அடைத்த ஸ்டென்டுக்கு அந்தச் செலவைத் தவிர்ப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. காரணத்தைச் சரிசெய்யாமல் விட்டால் அதே இடம் மறுபடி அடைக்கும்.

அறிகுறி 2: வைத்த அன்றோ மறுநாளோ, வார்டில் இருக்கும்போதே நெஞ்சு வலி

*மந்தமான வலி, விடாமல் ஒரே சீராக இருக்கிறது.* மிகச் சாதாரணமான காரணம் இதுதான்: ஸ்டென்ட் குழாயை இழுத்து விரித்ததால் வரும் இழுவை வலி. பலருக்கு வரும். எழுந்து நடந்தாலும் அதிகமாகாது, படுத்தாலும் குறையாது. ஈசிஜியில் மாற்றம் இருக்காது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தேய்ந்து போய்விடும். ஆனால் 'இது இழுவை வலிதான்' என்று முடிவு செய்ய வேண்டியவர் நர்ஸோ டாக்டரோதான், பக்கத்துக் கட்டில்காரர் அல்ல. ஒரு ஈசிஜி எடுத்து, வைப்பதற்கு முன் எடுத்ததோடு ஒப்பிடும் வரை முடிவு செய்யக் கூடாது.

*ஈசிஜியில் சின்ன மாற்றம், ட்ரோபோனின் ஏறியிருக்கிறது.* ஸ்டென்ட் போன வழியில் பிரிந்த கிளைக் குழாயின் வாய் அடைந்திருக்கலாம். சின்னக் கிளை என்றால் மருந்தோடு விட்டுவிடுவார்கள். பெரிய கிளை என்றால் வயர் எனப்படும் மெல்லிய வழிகாட்டிக் கம்பியை ஸ்டென்ட் கம்பிகளின் இடுக்கு வழியாக விட்டு, பலூனால் வாயைத் திறப்பார்கள்.

*வலி கூடிக்கொண்டே போகிறது, எஸ்டி ஏறுகிறது.* ஸ்டென்ட் ஓரத்தில் சுவர் கிழிந்திருக்கும், அல்லது அன்றே ரத்தம் கட்டியிருக்கும். திரும்பவும் கேத் லேப்.

*வலி பெரிதாக இல்லை. ஆனால் ஆள் நிலைகொள்ளாமல் தவிக்கிறார், பிபி இறங்குகிறது, நாடி ஏறுகிறது.* வார்டில் கூட இருப்பவர்கள் கண்ணில் படாமல் தப்புவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். வழுக்கும் பூச்சுள்ள வயரின் நுனி, கடைசிச் சின்னக் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை போட்டிருக்கும். செய்து முடித்தபோது படத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. ரத்தம் சொட்டுச் சொட்டாக இதய உறைக்குள் சேர்ந்து, சில மணி நேரம் கழித்து இதயத்தையே நெருக்கும். மாலையில் 130/80 இருந்த பிபி இரவு 100/70, பிறகு 85/65. நாடி 80-இல் இருந்து 120. கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். கை கால் ஜில்லென்று இருக்கும். "என்னமோ பண்ணுது, படுக்க முடியலைங்க" என்பார். "காலையில் ரவுண்ட்ஸ் வரட்டும்" என்று விடக் கூடாத நேரம் இது. கட்டிலுக்கே எக்கோ மிஷின் கொண்டுவந்து பார்க்கச் சொல்ல வேண்டும். உறைக்குள் தண்ணீர் போல ரத்தம் தெரிந்தால் மார்புக்குக் கீழே ஊசி விட்டு வடிகுழாய் வைப்பார்கள். ஓட்டை பெரிய குழாயில் என்றால் உறை போட்ட ஸ்டென்ட் வைத்து அடைக்கிறார்கள். நுனிக் குழாயில் என்றால் காயில் என்ற சின்னக் கம்பிச் சுருள் போட்டு மூடுகிறார்கள். இதெல்லாம் முடியாவிட்டால் நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன். அந்த ஆஸ்பத்திரியில் இதய சர்ஜன் இல்லை என்றால் மாற்றுவதற்கான ஏற்பாடு வடிகுழாய் வைக்கும்போதே தொடங்க வேண்டும்.

அறிகுறி 3: நடந்தால் வலி, நின்றால் விடுகிறது

ஸ்டென்ட் வைத்து மூன்றிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் பழைய வலியே திரும்பி வந்தால் இந்தத் தலைப்பு. முன்பு எந்த இடத்தில் வலித்ததோ அதே இடத்தில், அதே மாதிரி வலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் ஸ்டென்ட் பக்கம் சந்தேகம் கூடும்.

முதலில் காசில்லாத சோதனை. தினமும் ஒரே வழியில் நடங்கள். எந்த இடத்தில் வலி தொடங்குகிறது? எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு இது சுலபம்: போன மாதம் காப்பிக் களம் வரை ஏற முடிந்தது, இந்த மாதம் பாதி மேட்டிலேயே நிற்க வேண்டியிருக்கிறது என்றால் அதுவே ஒரு ரிப்போர்ட். அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவருக்கு மாடிப்படி எத்தனை என்பது அளவு. தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். வரவரக் குறைந்த தூரத்திலேயே வலி வந்தாலோ, சும்மா இருக்கும்போதும் வர ஆரம்பித்தாலோ மேலே அறிகுறி 1-க்குப் போய்விடுங்கள்.

காரணங்கள், செலவு குறைந்ததில் இருந்து:

நாடியைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டிருப்பார்கள். மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் போன்றவை. "பிபி நார்மல் ஆயிருச்சு" என்று நிறுத்துவது வாடிக்கை. மாத்திரையால்தான் நார்மலாக இருந்தது.

ரத்தசோகை. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையால் வயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஹீமோகுளோபின் 13-இல் இருந்து 8-க்கு வந்திருக்கும். நடந்தால் வலிக்கும், மூச்சு வாங்கும். சிபிசி என்ற ஒரு ரத்தப் பரிசோதனை போதும், கண்டுபிடித்துவிடலாம். இதைப் பார்க்காமல் நேராக ஆஞ்சியோவுக்குப் போவது வீண்.

வேறொரு குழாயில் இருந்த அடைப்பு. முதல் ஆஞ்சியோவிலேயே 60 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள், சம்மரியைப் பாருங்கள்.

அடுத்தது ஸ்டென்டுக்குள் சதை வளர்ந்த சுருக்கம். சர்க்கரை நோய், மெல்லிய குழாய், நீளமான ஸ்டென்ட், சுண்ணாம்பு படிந்த குழாய், இவற்றில் அதிகம். மருந்து பூசாத பழைய ஸ்டென்டில் இன்னும் அதிகம்.

*எந்தச் சோதனை?* ஈசிஜி, எக்கோ, பிறகு டாக்டர் சரி என்றால் டிஎம்டி, அதாவது ஓடும் பட்டையில் நடக்க வைத்து எடுக்கும் ஈசிஜி. பலரும் சிடி ஸ்கேனில் எடுக்கும் ஆஞ்சியோவைக் கேட்கிறார்கள், ஊசி குத்தாமல் ஆகிவிடும் என்று. ஸ்டென்ட் விட்டம் 3 மி.மீ.க்குக் குறைவு என்றால் உலோகம் படத்தில் பூத்துத் தெரிந்து உள்ளே இருப்பதை மறைத்துவிடும். ஸ்டிக்கரில் 2.5 என்று இருந்தால் அந்தக் காசைச் சேமித்து வையுங்கள். அறிகுறி தெளிவாக இருந்தால் நேராக ஆஞ்சியோவும் கூடவே ஐவஸ் அல்லது ஓசிடியும் செய்வதே மேல்.

*முழுசாக விரியாத ஸ்டென்ட்.* இதற்குத் தனி இடம் தருகிறோம். சதை வளர்ந்துவிட்டது என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு உண்மையில் முதல் நாளே சரியாக விரியாததுதான். கணக்கைப் பாருங்கள். 3 மி.மீ. ஸ்டென்ட் முழுசாக விரிந்தால் உள்பரப்பு 7 சதுர மி.மீ. சுண்ணாம்பு தடுத்து 2.5 மி.மீ. வரைதான் விரிந்தது என்றால் 4.9. விட்டத்தில் அரை மில்லிமீட்டர்தான் போனது, பரப்பிலோ 30 சதவீதம் போய்விட்டது. ஐவஸில் குறைந்தபட்சப் பரப்பு 5.5-க்கு மேலும் ஓசிடியில் 4.5-க்கு மேலும் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்ற அளவு. இடது பிரதானக் குழாயில் இதைவிட அதிகம் எதிர்பார்க்கிறார்கள்.

விரியாததைச் சரிசெய்யும் படிகள்: முதலில் என்சி பலூனை ஸ்டென்ட் அளவுக்கே எடுத்து 18 முதல் 20 அட்மாஸ்பியர் வரை. அது விரிக்கவில்லை என்றால் அதிஉயர் அழுத்த பலூன். அதுவும் இல்லை என்றால் ஒலி அலையால் சுண்ணாம்பை உடைக்கும் ஐவிஎல் பலூன். இது விலை அதிகம். வைரத் துகள் பதித்த முனையைச் சுழற்றிச் செதுக்கும் ரோட்டாவை ஸ்டென்ட் கம்பி மேலேயே ஓட்டுவது ஆபத்தான வேலை. அதைப் பலமுறை செய்த கையிடம் மட்டும் போக வேண்டும்.

விரிந்த ஸ்டென்டில் சதைதான் வளர்ந்திருக்கிறது என்றால் வெட்டும் பலூனால் பிளந்துவிட்டு, மருந்து பூசிய பலூனை 30 முதல் 60 வினாடி விரித்து வைப்பது ஒரு வழி. உள்ளே இன்னொரு ஸ்டென்ட் வைப்பது மற்றொன்று. இரண்டு அடுக்கு ஏற்கனவே இருக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒன்றை வைக்கலாம் என்று யாராவது சொன்னால், ஒரு இதய சர்ஜனிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பைபாஸ் என்றதும் பயந்து மூன்றாம் உலோகத்தை ஏற்றுக்கொள்பவர்கள் அதிகம். உள்வழி ஒவ்வொரு அடுக்குக்கும் குறுகிக்கொண்டேதான் போகிறது.

ஸ்டென்ட் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. பிறகு அது மாற்றப்பட்டு வருகிறது. அன்றிலிருந்து 'இம்போர்ட்டடா லோக்கலா' என்ற கேள்வியைவிட 'எந்த அளவுக்கு விரித்தீர்கள், என்சி பலூன் போட்டீர்களா, உள்ளே பார்த்தீர்களா' என்ற கேள்விகள்தான் கேட்கத் தகுந்தவை.

அறிகுறி 4: உடம்புக்கு ஒன்றும் இல்லை, ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் வார்த்தை

*ஸ்டென்ட் முறிவு.* வலது குழாயின் வளைவில், நீளமான ஸ்டென்டில், இரண்டு ஸ்டென்ட் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் வருவது. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த வளைவு மடங்கி நிமிர்கிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவை. ஒரு கம்பி மட்டும் விட்டிருக்கலாம், இரண்டு துண்டாகவே பிரிந்திருக்கலாம். மை செலுத்தாமல் எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே பல சமயம் தெரியும். வலி இல்லை, உள்ளே சுருக்கமும் இல்லை என்றால் மாத்திரையோடு கவனித்து வருவார்கள். சுருக்கம் இருந்தால் மருந்து பலூன் அல்லது அந்த இடத்துக்கு மட்டும் சின்ன ஸ்டென்ட். முறிந்தது ஓடிப் போய் வேறெங்காவது குத்துமா என்பது வழக்கமான பயம். சுவருக்குள் புதைந்த கம்பி அப்படிப் போவதில்லை.

*ஸ்டென்ட் சுவரோடு ஒட்டவில்லை.* அன்றே பார்த்தால் பெரிய பலூனால் அழுத்திவிடுவார்கள். மாதங்கள் கழித்துத் தெரிந்தால் இடைவெளி எவ்வளவு என்பதைப் பொறுத்தது. முக்கியமான கேள்வி ஒன்று: ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோடு போடும் இரண்டாவது மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? இதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

*ஸ்டென்ட் நீளவாக்கில் நசுங்கியது.* வைத்த பிறகு அதன் வழியாக வேறொரு பலூனையோ ஐவஸையோ நுழைக்கும்போது ஓரம் இடிபட்டு, கம்பிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். மெல்லிய கம்பி, கண்ணிகளை இணைக்கும் பாலங்கள் குறைவான வடிவம் என்றால் சாத்தியம் அதிகம். உடனே பார்த்து பலூன் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

*ஸ்டென்ட் பலூனில் இருந்து கழன்றது.* இது விரிப்பதற்கு முன் நடப்பது. சுண்ணாம்பு படிந்த வளைவில் உள்ளே போகாமல், திரும்ப கைடிங் கதீட்டர் என்ற வழிக்குழாய்க்குள் இழுக்கும்போது விளிம்பில் மாட்டி உருவிக்கொள்ளும். வயர் இன்னும் அதன் உள்ளே இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது: சின்ன பலூனை வயர் மேலேயே விட்டு, ஸ்டென்டைத் தாண்டி விரித்து, மொத்தத்தையும் வெளியே இழுப்பார்கள். இல்லை என்றால் ஸ்நேர் கண்ணியால் பிடிப்பார்கள். வெளியே எடுக்க முடியாவிட்டால் இருக்கும் இடத்திலேயே விரித்துவிடுவார்கள், அல்லது இன்னொரு ஸ்டென்டால் சுவரோடு நசுக்கி மூடுவார்கள். எதைச் செய்திருந்தாலும் அது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும். இல்லை என்றால் எழுதச் சொல்லி வாங்குங்கள். அடுத்த ஆஞ்சியோ செய்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

அறிகுறி 5: மூச்சு வாங்குகிறது

ரத்தம் உறையாமல் இருக்கும் டிகாக்ரெலார் மாத்திரையைப் புதிதாக 90 மி.கி. காலை, இரவு போடுகிறீர்களா? சும்மா உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று ஆழமாக இழுக்கத் தோன்றி, சில நிமிஷத்தில் தானாக விட்டுவிடுகிறதா? படுத்தால் கூடவில்லை, விரலில் மாட்டும் மீட்டரில் ஆக்ஸிஜன் 96, 97 இருக்கிறதா? மாத்திரையாக இருக்கலாம். 2009-இல் வெளியான பிளாட்டோ ஆய்வில் டிகாக்ரெலார் போட்டவர்களில் 13.8 சதவீதம் பேருக்கு மூச்சுத் தொல்லை இருந்தது, குளோபிடோக்ரெல் போட்டவர்களில் 7.8. டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். நீங்களாக நிறுத்தினால் அறிகுறி 1-க்கு நீங்களே வழி போட்டுக் கொடுக்கிறீர்கள்.

மல்லாந்து படுத்தால் திணறுகிறது, கால் வீங்குகிறது, ஒரே வாரத்தில் எடை 2 கிலோ கூடியது என்றால் இதயத்தின் பம்பு பலவீனம். அன்றே எக்கோ. ஏற்காட்டு உயரம், சுமார் 1,500 மீட்டர், குணமாகி நிலையாக இருப்பவருக்கு மூச்சு வாங்க வைக்கும் உயரம் அல்ல. 'மலைக்காற்று மெல்லிசு' என்று தள்ளிவிடாதீர்கள்.

அறிகுறி 6: குத்திய இடத்தில் வீக்கம், ரத்தம்

*மணிக்கட்டு.* ரத்தம் வந்தால் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, கட்டை விரலால் 15 நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. நீலம் பாரித்துக் கீழே இறங்குவது சாதாரணம். முன்கை கல் போல இறுகி, விரலை நீட்டினால் உயிர் போகிற வலி என்றால் உள்ளே கசிந்து நெருக்குகிறது. விடியும் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. கை சூடாக, நல்ல நிறத்தில் இருக்கிறது, நாடி மட்டும் கிடைக்கவில்லை என்றால் அவசரம் இல்லை. ஆனால் இரண்டொரு நாளில் காட்டுங்கள்.

*தொடை.* படுக்க வைத்து, தோலில் தெரியும் ஓட்டைக்கு ஒரு விரல்கடை மேலே உள்ளங்கையால் அழுத்துங்கள். ரத்தக்குழாயின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. 108 வரும் வரை கையை எடுக்காதீர்கள். துடிக்கிற கட்டி தெரிந்தால் டாப்ளர் ஸ்கேன். சின்னது தானாக மூடும். பெரியதுக்கு ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் ஊசி. வெளியே ஒன்றுமே தெரியாமல் இடுப்பு, விலாப்பக்கம் வலித்து வேர்த்துக் கொட்டி பிபி இறங்கினால் உள்ளுக்குள் ரத்தம் போகிறது. அதுவும் 108 தான். ஒரு வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க வேண்டாம்.

அறிகுறி 7: மாத்திரை விட்டுப்போனது, பல் பிடுங்கணும், ஆபரேஷன் இருக்கு

ஒரு வேளை மறந்தது: குளோபிடோக்ரெல் என்றால் 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போடுங்கள், தாண்டிவிட்டால் அடுத்த வேளை ஒன்று மட்டும். டிகாக்ரெலார் என்றால் அடுத்த வேளையில் ஒன்று மட்டும். இரட்டிப்பாகப் போடக் கூடாது. மூன்று நாலு நாள் விட்டுவிட்டீர்கள் என்றால் சும்மா தொடர வேண்டாம், டாக்டருக்கு போன் போடுங்கள். குளோபிடோக்ரெல் 75 மி.கி. தினமும் போட்டால் முழு வேலை செய்யச் சில நாள் ஆகும். முதல் டோஸைக் கூட்டி 300 மி.கி. கொடுக்க வேண்டியிருக்கலாம்.

பழனி பாதயாத்திரை, ஆடித் திருவிழா, வெளியூர்க் கல்யாணம், இந்த நாட்களில்தான் மாத்திரை விட்டுப்போகிறது. பையில் ஒரு அட்டை தனியாக இருக்கட்டும்.

பல் டாக்டர் நிறுத்தச் சொன்னால், இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஒரு பல்லுக்குப் பஞ்சு அழுத்தியும் தையல் போட்டும் ரத்தத்தை நிறுத்திவிடலாம். குடலிறக்கம், மூட்டு மாதிரி தள்ளிப்போடக் கூடிய ஆபரேஷனை, மருந்து ஸ்டென்ட் வைத்து 6 மாதமாவது கழியட்டும் என்றே பொதுவாகச் சொல்வார்கள்.

கறுப்பாகத் தார் போல மலம் போனால் அன்றே ஆஸ்பத்திரி. மாத்திரையை எது, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை அங்கே முடிவு செய்வார்கள். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போடுகிறவர் குளோபிடோக்ரெலும் போடுகிறார் என்றால் பேன்டோப்ரசோலுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். ஒமிப்ரசோல் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். முட்டி வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். பாராசிட்டமால் போதும்.

அறிகுறி 8: ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய குத்தல்

அழுத்தினால் வலிக்கிறது, திரும்பிப் படுத்தால் வலிக்கிறது, ஒரு நொடி மின்னி மறைகிறது: பெரும்பாலும் சதை, விலா எலும்பு. முதல் தடவை வரும்போது ஒரு ஈசிஜி எடுத்துக் கவரில் வையுங்கள், பிறகு வரும்போது ஒப்பிட உதவும்.

எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம். இப்போதைய ஸ்டென்டுகளை 1.5, 3 டெஸ்லா இரண்டிலும் எடுக்கலாம், வைத்த மறுநாளே கூட. கவரில் இருக்கும் ஸ்டிக்கரை ஸ்கேன் சென்டரில் காட்டினால் போதும். விமான நிலைய மெட்டல் டிடெக்டரில் ஸ்டென்ட் சத்தம்கூடப் போடாது.